ஐந்து ரூபாக் குற்றியின் விளிம்பில் ஒரு புடைப்பு

கேள்வி:

ஐயா, மடுத் திருத்தலத்துக்குப் பக்கத்தில் மெழுகுதிரியும் செபமாலையும் விற்கிற சிறிய கடை வைத்திருக்கிறேன். ஆவணித் திருவிழா முடிந்து சில்லறையைப் பிரித்து எண்ணியபோது இரண்டு ஐந்து ரூபாக் குற்றிகள் கண்ணில் பட்டன. இரண்டிலும் ஆண்டு 2006. முதலாவதில், பெறுமதி எழுதிய பக்கத்தில், விளிம்போடு சேர்ந்து பயறளவில் ஒரு புடைப்பு இருக்கிறது. அந்த இடத்தில் எழுத்து எதுவும் தெரியவில்லை. இரண்டாவதில் அதே பக்கம் மயிர் போல ஒரு கோடு, விளிம்பில் தொடங்கி, வளைந்து, திரும்பவும் விளிம்பிலேயே முடிகிறது. நகத்தால் தடவினால் கோடு மேலெழும்பி நிற்பது தெரிகிறது.

படத்தை முகநூலில் போட்டேன். ஒருவர், "இது டை பிரேக், இலட்சக்கணக்கில் போகும்" என்கிறார். இன்னொருவர், "யாரோ ஈயம் ஒட்டியிருக்கிறார்கள், ஐந்து ரூபாவுக்கு மேல் ஒரு சதமும் பெறாது" என்கிறார். வவுனியாவிலிருந்து ஒருவர் முதலாவது குற்றியை மட்டும் உடனே விலைக்குக் கேட்கிறார். எது உண்மை? நானே சோதித்துப் பார்க்க வழி உண்டா? குற்றிகளில் மெழுகும் அழுக்கும் பிடித்திருக்கிறது, கழுவலாமா?

— வாசகர், மடு

பதில்:

தம்பி, இப்போதைக்கு ஒன்றையும் விற்க வேண்டாம். இரண்டு குற்றிகளையும் சேர்த்தே வைத்திருங்கள். வவுனியாக்காரர் கேட்காமல் விட்ட இரண்டாவது குற்றிதான் முதலாவதுக்குச் சாட்சியாக நிற்கக்கூடியது. டை பிரேக் என்கிற அச்சு உடைவு விஷயத்தில் தனி ஒரு காசு சந்தேகத்தைத்தான் தரும். ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுகள் கையில் இருந்தால் அந்தச் சந்தேகம் தீரும். ஏன் அப்படி என்பதை அச்சின் வேலையிலிருந்து தொடங்கிச் சொல்கிறேன்.

அச்சு எப்படி உடைகிறது

காசு அடிக்கும் இயந்திரத்தில் இரண்டு எஃகு அச்சுகள் உண்டு, முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று. இரண்டுக்கும் நடுவே வெறும் உலோக வட்டு வந்து அமரும். அதைச் சுற்றி ஒரு வளையம் பிடித்துக்கொள்ளும். இரண்டு அச்சும் ஒரே அழுத்தாக அழுத்தும்போது உலோகம் களியாக இளகியது போல் அசைந்து அச்சின் பள்ளங்களுக்குள் ஏறுகிறது. வெளியே வழிந்துவிடாமல் வளையம் தடுக்கிறது. இன்றைய இயந்திரங்கள் நிமிடத்துக்கு 600, 700 காசு என்ற வேகத்தில் அடிக்கும்.

அச்சில் எல்லாம் தலைகீழ். காசில் எழுந்து நிற்கிற எழுத்து அச்சில் பள்ளமாக வெட்டப்பட்டிருக்கும். ஆகவே அச்சில் எந்த இடத்தில் எஃகு குறைகிறதோ, காசில் அந்த இடத்தில் உலோகம் கூடும். மோதக அச்சின் ஓரம் உடைந்தால் மோதகத்தில் அந்த இடம் புடைத்து வருகிறதல்லவா, அதே கணக்குத்தான்.

இலட்சக்கணக்கான அடிகளைத் தாங்கும்போது எஃகு களைத்துப்போகிறது. பதம் போடும்போது கூடுதலாகக் கடினமாக்கப்பட்ட அச்சு இன்னும் விரைவில் நொறுங்கும். எழுத்தின் கூர்மையான மூலையும் விளிம்பை ஒட்டிய பகுதியும்தான் முதலில் விட்டுக்கொடுக்கிற இடங்கள். அதன்பின் அச்சு மூன்று கட்டமாக அழியும்.

முதலில் வெடிப்பு. அச்சில் மயிரிழை போல ஒரு பிளவு விழும். உலோகம் அதற்குள் ஏறி, காசில் மெல்லிய மேடான கோடாகப் பதியும். அடுத்தது பிளவு இரண்டு இடத்தில் விளிம்பைத் தொட்டு, நடுவிலுள்ள துண்டு தனியாகிவிட்ட நிலை. வளையம் பிடித்திருப்பதால் துண்டு விழாது, ஆனால் சற்றுக் கீழிறங்கி நிற்கும். அப்போது அடித்த காசில் அந்தப் பகுதியின் எழுத்து தெரியும், ஆனாலும் மட்டம் மாறி ஒரு படி உயர்ந்திருக்கும். கடைசியில் துண்டு கழன்று விழுந்துவிடும். அங்கே அச்சே இல்லை. உலோகம் அந்த வெற்றிடத்தை நிரப்ப, எழுத்தும் கோலமும் இல்லாத வெறும் புடைப்பு விளிம்போடு சேர்ந்து வரும். சேகரிப்பாளர்கள் பெரிதும் தேடுவது இந்தக் கடைசி நிலையைத்தான்.

விளிம்பைத் தொடாமல், எழுத்துக்கு நடுவிலோ எழுத்தின் வயிற்றுக்குள்ளோ சிறு துணுக்கு உதிர்வதும் உண்டு. அமெரிக்க ஒரு சதக் காசுகளில், முக்கியமாக 1950களில் அடித்தவற்றில், லிபர்ட்டி என்ற ஆங்கிலச் சொல்லின் இரண்டு எழுத்துகளுக்கு நடுவே இப்படி உதிர்ந்த இடம் கூடுதலாக ஒரு எழுத்து நிற்பது போலத் தெரியும். அதற்கென்றே ஒரு சேகரிப்புக் கூட்டம் இருக்கிறது.

கையில் வைத்துப் பார்க்க

இனி உங்கள் முதலாவது குற்றி. 10 மடங்கு பெருப்பிக்கும் பூதக்கண்ணாடி ஒன்று போதும். மேலிருந்து நேராக விழும் வெளிச்சத்தில் பார்த்தால் புடைப்பும் பள்ளமும் ஒன்றுபோலத் தெரிந்து ஏமாற்றும். யன்னலோரம் இருந்து, வெளிச்சம் சரிவாக விழும்படி பிடித்து, குற்றியை மெல்லச் சுழற்றுங்கள். நிழல் விழும் திசை மேட்டையும் பள்ளத்தையும் பிரித்துக் காட்டும்.

முதலில் பின்புறம் பாருங்கள். புடைப்பின் மேல் பெருவிரலையும் அதற்கு நேர் பின்னால் சுட்டுவிரலையும் வைத்துக் குற்றியைப் பிடியுங்கள். பிறகு திருப்பி, சுட்டுவிரல் இருந்த இடத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். உங்கள் குற்றியில் அது அரசுச் சின்னம் உள்ள பக்கம். உண்மையான அச்சு உடைவென்றால் அந்த இடத்தில் விளிம்போ கோலமோ மங்கி, தட்டையாக, முழுதாக எழும்பாமல் இருக்கும். காரணம் எளிது. அடி விழும்போது ஒரு பக்கம் வெற்றிடம். உலோகம் எதிர்ப்பில்லாத அந்தப் பக்கமே ஓடிவிடுகிறது, மறுபக்கத்துப் பள்ளத்தை நிரப்ப அழுத்தம் போதாமல் போகிறது. சிறிய புடைப்பில் இந்த மங்கல் இலேசாக இருக்கும், பெரிய புடைப்பில் வெறுங்கண்ணுக்கே தெரியும். ஈயம் ஒட்டுகிறவரால் காசின் மேல் ஈயத்தை வைக்க முடியும், ஆனால் அடி விழுந்த கணத்தில் உலோகம் ஓடிய விதத்தை உண்டாக்க முடியாது. என்னைக் கேட்டால் இதுதான் தலையாய சோதனை.

இரண்டாவது நிறம். இலங்கை மத்திய வங்கி 2005 தொடக்கம் ஐந்து ரூபாவை எஃகின் மேல் பித்தளை முலாமிட்ட வட்டில் அடித்தது. அதற்கு முந்திய தடித்த குற்றி காந்தத்தில் ஒட்டாது, எடை ஒன்பதரை கிராம் அளவு. உங்கள் 2006 குற்றி காந்தத்தில் ஒட்ட வேண்டும், எடை எட்டு கிராமுக்குள் இருக்க வேண்டும். முலாம் பூசிய பிறகே வட்டு இயந்திரத்துக்குப் போகிறது. ஆகவே உண்மையான புடைப்பின் மேலும் அதே மஞ்சள் முலாம் இடைவெளியின்றி ஓடும். புடைப்பு மட்டும் சாம்பல் நிறமாகவோ, பெயின்ற் அடித்த மஞ்சளாகவோ, எல்லையில் ஒரு கறுப்பு வரியோடோ இருந்தால் சந்தேகப்படுங்கள்.

மூன்றாவது பக்கவாட்டு விளிம்பு. அடி விழும்போது அந்தப் பக்கத்தை வளையம் பிடித்திருந்தது. எனவே குற்றியை நிமிர்த்திப் பக்கவாட்டில் பார்த்தால், புடைப்பு உள்ள இடத்திலும் சுற்று ஒழுங்காக, மற்ற இடங்களைப் போலவே இருக்க வேண்டும். ஒட்டுப்போட்டது பெரும்பாலும் விளிம்பைத் தாண்டி வழிந்திருக்கும், அல்லது அந்த வழிசலை அரத்தால் ராவிய கீறல் தெரியும்.

நான்காவது எடை. அச்சு உடைந்ததால் காசின் எடை கூடாது. புடைப்பிலுள்ள உலோகமும் அதே வட்டிலிருந்து வந்ததுதான். நகைக்கடைத் தராசில் அதே ஆண்டுக் குற்றிகள் நாலைந்தை நிறுத்து, அவற்றோடு ஒப்பிடுங்கள். ஆனால் பயறளவுப் புடைப்பில் ஒட்டிய ஈயத்தின் எடை, நல்ல குற்றிகளுக்கிடையே இயல்பாக உள்ள வித்தியாசத்துக்குள் மறைந்துவிடலாம். தராசைத் துணைச் சாட்சியாக மட்டும் வையுங்கள்.

ஏமாற்றும் புடைப்புகள்

உங்கள் ஊர்ப்பக்கத்துச் சில்லறையில் அச்சு உடைவு போலத் தோன்றி ஏமாற்றக்கூடியவை சில உண்டு. முதலாவது மெழுகு. திருத்தலத்தில் கைமாறும் காசில் அது ஒட்டுவது சாதாரணம். அழுக்கேறி இறுகினால் உலோகம் போலவே தெரியும். சுடுநீரில் போட்டால் விட்டுவிடும்.

இரண்டாவது துரு. மன்னார்த் தீவிலும் பேசாலை, சிலாபத்துறைப் பக்கத்திலும் உப்புக் காற்றில் புழங்கிய குற்றிகளில் முலாம் எங்கேனும் கீறியிருந்தால் உள்ளேயுள்ள எஃகு துருப்பிடித்து வீங்கும். முலாம் மேலே தூக்கி நிற்கும். உச்சியிலோ ஓரத்திலோ செம்மண்ணிறம் தெரிந்தால் அது துரு. அச்சுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மூன்றாவது முலாமின் கீழ் காற்றுக் கொப்புளம். இது செய்யும்போதே நேர்ந்த குறைதான், ஆனால் அச்சின் குறை இல்லை. கொப்புளம் வட்டமாக, மினுமினுப்பாக இருக்கும். மரக்குச்சியால் மெல்ல அழுத்தினால் அமுங்கும். எழுத்துக்கு மேலே வந்தாலும் கீழேயுள்ள எழுத்தின் சாயல் தெரியும். அச்சு உடைந்த இடத்தில் எழுத்து மூடப்படுவதில்லை, அங்கே எழுத்தே உண்டாவதில்லை. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நான்காவது அடிபட்ட காசு. விளிம்பில் சுத்தியலோ கல்லோ பட்டால் உலோகம் உட்பக்கமாகத் தள்ளப்பட்டு மேடாகும். ஆனால் அந்த மேட்டின் பக்கத்திலேயே அடி விழுந்த பள்ளம் இருக்கும். ஐந்தாவது, பதக்கமாகவோ சாவிக் கோர்வையாகவோ போட்டுக்கொள்ள வளையம் பற்றவைத்து, பிறகு கழற்றிய காசு. விளிம்பில் ஈயத் தழும்பு நின்றுவிடும். முகநூலில் ஈயம் என்று சொன்னவர் இப்படி ஒன்றை முன்பு பார்த்திருக்கலாம். அவருடைய எச்சரிக்கை நியாயமானது. ஆனால் படத்தை மட்டும் பார்த்து அவரும் தீர்ப்புச் சொல்லியிருக்கக்கூடாது, இலட்சம் என்றவரும் சொல்லியிருக்கக்கூடாது.

காசில் எழுத்து குறைந்தோ மங்கியோ இருந்தால் அது வேறு கதை. அச்சின் பள்ளத்தில் எண்ணெயும் தூசியும் அடைத்துக்கொண்டாலும் எழுத்து வராமல் போகும். அதை உடைவு என்று வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்.

இரண்டாவது குற்றி ஏன் முக்கியம்

காசாலையில் தாய் அச்சு ஒன்றிலிருந்து வேலை அச்சுகள் பல அழுத்தி எடுக்கப்படுகின்றன. பிறக்கும்போது அவை எல்லாம் ஒன்றுபோல. ஆனால் வெடிப்பு ஒவ்வொரு வேலை அச்சிலும் அதனதன் போக்கில்தான் விழும். ஒரே இடத்தில், ஒரே வளைவில் இரண்டு அச்சு வெடிப்பது நடக்காத காரியம் என்றே சொல்லலாம். ஆகவே இரண்டு காசுகளில் ஒரே வெடிப்பு இருந்தால் இரண்டும் ஒரே அச்சின் பிள்ளைகள்.

இப்போது உங்கள் இரண்டாவது குற்றியை எடுங்கள். கோடு விளிம்பில் தொடங்கி வளைந்து விளிம்பிலேயே முடிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கழன்று விழப்போகும் துண்டின் எல்லைக்கோடு இப்படித்தான் இருக்கும். இரண்டு குற்றிகளையும் ஒரே கோணத்தில், ஒரே தூரத்தில் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, பக்கத்தில் பக்கம் வையுங்கள். கோடு எந்த எழுத்துக்குப் பக்கத்தில் விளிம்பை விட்டுப் புறப்படுகிறது, எந்த எழுத்தை வெட்டுகிறது, எங்கே திரும்பவும் விளிம்பைத் தொடுகிறது என்று மூன்று இடங்களைக் குறியுங்கள். முதலாவது குற்றியின் புடைப்பும் அதே மூன்று இடங்களில் எல்லை கட்டியிருந்தால், அச்சு வெடித்தபோது அடித்தது ஒன்று, துண்டு விழுந்த பிறகு அடித்தது மற்றது. ஈயம் என்ற பேச்சுக்கு இடமே இருக்காது. ஏமாற்றுகிறவர் ஒரு காசில் ஒட்டலாம். அந்த ஒட்டுக்கு முந்திய வெடிப்பை வேறொரு காசில் மேடாக எழுப்பிவைக்க அவரால் முடியாது.

எல்லைகள் பொருந்தாவிட்டாலும் இரண்டாவது குற்றி வீண்போகாது. அது தனி வெடிப்பாக நிற்கும். முதலாவதற்கு நான் மேலே சொன்ன நான்கு சோதனையே தீர்ப்பு.

உலக அளவில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு அமெரிக்காவின் 1804ஆம் ஆண்டுச் செப்புச் சதம். அந்த ஆண்டுக்கு ஒரே ஒரு சோடி அச்சுத்தான். முதலில் அடித்த காசுகள் முழுமையானவை. பிறகு இரண்டு அச்சும் உடைந்தன. பின்பக்க அச்சு, அமெரிக்கா என்ற சொல்லின் நடுவெழுத்துகளுக்கு மேலே உடைந்தது. முன்பக்க அச்சு, லிபர்ட்டி என்ற சொல்லின் கடைசி எழுத்துகளுக்கு மேலே உடைந்தது. இரண்டு நூற்றாண்டுக்குப் பிறகும் ஒரு காசைப் பார்த்து, அது தொடக்கத்தில் அடித்ததா, கடைசியில் அடித்ததா என்று வரிசைப்படுத்த முடிகிறது. வேறு ஆண்டுக் காசில் இலக்கத்தைத் திருத்தி 1804 என்று விற்க வந்தால், உடைவும் அச்சின் மற்ற அடையாளங்களும் பொருந்தாமல் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பழங்காசுக்கு வேறு அளவுகோல்

மாந்தையிலிருந்து மாதா சொரூபத்தோடு மக்கள் ஒல்லாந்தரின் கெடுபிடிக்குத் தப்பி மடுக் காட்டுக்குள் வந்த வரலாறு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இலங்கையிலேயே செம்புக் காசு அடித்தது. கொழும்புக்கு சி, யாழ்ப்பாணத்துக்கு ஐ, காலிக்கு ஜி, திருகோணமலைக்கு ரி என்ற ஆங்கில எழுத்து, கம்பனியின் இலச்சினைக்கு மேலே இருக்கும். செம்பைத் துண்டு துண்டாக வெட்டி அடித்ததால் அவை கோணலாக, தடித்து, ஓரம் பிசிறாக இருக்கும். அதற்கு முந்திய யாழ்ப்பாண அரசர்களின் சேதுக் காசும் கையால் அடித்தது. படுத்திருக்கும் நந்தியும் சேது என்ற எழுத்தும் பாதி வெளியே போய்விட்ட காசுகள் நிறைய உண்டு. இவற்றின் கோணலையும் பிசிறையும் பிழைக் காசு என்று கூடுதல் விலை சொல்லி விற்றால் நம்பாதீர்கள். அந்தத் தொழில்முறையின் இயல்பு அது.

ஆனால் கையால் அடித்த காசிலும் அச்சு வெடித்திருக்கிறது, மேடான கோடு பதிந்திருக்கிறது. நாணய ஆய்வாளர்கள் அந்தக் கோடு வளர்ந்த விதத்தை வைத்துத்தான் எந்தக் காசு முந்தியது, எது பிந்தியது என்று அடுக்குகிறார்கள். ஆண்டு பொறிக்காத காசுகளுக்கு இது பெரிய கொடை. அதனால்தான் மாந்தை, திருக்கேதீச்சரப் பக்கத்து மண்ணில் எடுத்தது என்று சொல்லி யாராவது காசு விற்க வந்தால் வாங்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். கிடைத்த தொல்பொருளை அறிவிக்கவும் வேண்டும். காசு எந்த மண்படையில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற செய்தி போய்விட்டால் மாந்தையின் வரலாற்றில் ஒரு வரி அழிந்துபோகிறது. அதைத் திரும்ப எழுத எவராலும் முடியாது.

விலையும் கழுவுதலும்

இலட்சம் என்ற பேச்சை மறந்துவிடுங்கள். மெல்லிய வெடிப்புக்கோடு இன்றைய காசுகளில் மிகச் சாதாரணம். இந்திய ரூபாய்க் காசுகளிலும் நம்முடைய குற்றிகளிலும் தேடினால் கிடைக்கும். விளிம்போடு சேர்ந்த புடைப்பு அதைவிட அரிது. அதற்கு நிலையான விலைப்பட்டியல் எதுவும் கிடையாது. புடைப்பு எவ்வளவு பெரிது, எத்தனை எழுத்தை விழுங்கியிருக்கிறது, காசு எவ்வளவு தேயாமல் இருக்கிறது, அந்தக் காசுத் தொடரைத் தேடுகிறவர்கள் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து இரண்டு பேர் பேசி ஒத்துக்கொள்கிற தொகைதான் விலை. வங்கிக்குக் கொண்டுபோனால் அது ஐந்து ரூபாதான். வெடிப்பும் உடைவும் ஒரே அச்சில் என்று காட்டும் சோடி, தனிப் புடைப்பைவிட நிச்சயம் மேல். அதனால்தான் ஒன்றைப் பிரித்து விற்காதீர்கள் என்றேன்.

கழுவலாம், ஆனால் துலக்கக் கூடாது. சுடுநீரில் சிறிது நேரம் ஊறவிட்டு, மெழுகு கழன்றதும் மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். புளி, தேசிக்காய், பல்விளக்கும் பசை, பிராசோ எதுவும் கிட்ட வரக்கூடாது. முலாம் மெல்லியது. ஒரு தரம் தேய்த்தாலே அடி விழுந்தபோது உண்டான மினுக்கம் போய்விடும், உண்மையைச் சொல்லும் அடையாளங்களும் அதோடு போய்விடும். எஃகுக் குற்றி என்பதால் ஈரம் முழுதாக உலர்ந்த பிறகே கடதாசி உறையில் போடுங்கள். சாதாரண பிளாஸ்ரிக் பையில் நெடுநாள் வைக்க வேண்டாம்.

உங்களிடம் இருப்பதோ திருவிழாச் சில்லறை. நாடு முழுவதிலுமிருந்து வந்த குற்றிகள் ஒரே மேசையில் சேர்வது எந்தச் சேகரிப்பாளருக்கும் வாய்க்காத பேறு. வங்கியில் கட்டுவதற்கு முன் 2006 என்று போட்ட ஐந்து ரூபாக்களை மட்டும் ஒதுக்கி, அதே இடத்தில் கோடோ, படி உயர்ந்த எழுத்தோ இருக்கிறதா என்று பாருங்கள். வெடிப்புக்கும் உடைவுக்கும் நடுவிலுள்ள நிலை, அதாவது துண்டு கழன்றும் விழாமல் நின்றபோது அடித்த குற்றி கிடைத்தால், ஒரு அச்சின் கதை மூன்று காசில் முழுமையாகிவிடும். பிறகு இரு பக்கமும், பக்கவாட்டு விளிம்பும், எடையும் தெரியும்படி படங்களை அனுப்புங்கள். வவுனியாக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று அப்போது சேர்ந்து முடிவெடுப்போம்.